கமராவுக்குப் பின்னால் இருந்த ஊர்

மன்னார்க் கரையில் இருக்கும் எங்கள் மறிச்சுக்கட்டிப் பொடியன்மார் கைபேசியில் அனுப்பிக்கொள்ளும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. பாய் இறக்கிய தோணிகள் கரையில் நெருக்கியடித்து நிற்கும். பாய்மரங்களுக்கு இடையில் இடுப்புத் துணியோடு ஆட்கள். மேலே வெள்ளை வெளேரென்று வானம். "எங்கட ஊர் ஒரு காலம் பட்டணம்" என்று கீழே எழுதியிருப்பார்கள்.

நான் கலியாணப் படம் பிடித்துப் பிழைத்தவன். அந்த வானமே படத்தின் வயதைச் சொல்லிவிடும். அக்காலக் கண்ணாடித் தட்டில் நீலம் மிஞ்சி விழும். சிவப்பு விழவே விழாது. வானம் வெளுக்கும், மனிதத் தோல் கறுக்கும். முத்துக்குளிக்க வந்த அரபியும் கீழக்கரையாரும் யாழ்ப்பாணத்தாரும் படத்தில் ஒரே சாயலில் தெரிவதற்கு அது பாதிக் காரணம்.

பட்டணம் இருந்தது உண்மைதான். முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவித்ததும் வெறும் மணலில் கிடுகு வாடிகளும் கடைத்தெருக்களும் எழும்பும். பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி எல்லாம் வரும். நள்ளிரவுக் கரைக்காற்றில் தோணிகள் சிப்பி கிடக்கும் கடலடிப் பாருக்குப் போய், மத்தியானக் கடற்காற்றில் திரும்பும். சிப்பியை நேரே கொட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். சுற்றி வேலியடைத்த அந்த வளவுதான் பட்டணத்தின் நடு. அங்கே குளியாளி தன் சிப்பியை மூன்று சம குவியலாகப் பிரிப்பான். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று அவனுக்கு. எந்தக் குவியல் அவனுடையது என்று சொல்வது அதிகாரி. பின்னால் எழுத்தாளராகப் பேரெடுத்த லெனாட் வுல்ஃப், 1906இல் அந்தக் கொட்டு வேலைக்குத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டார். அரசாங்கப் பங்கு அந்தியில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர்கள் சிப்பியை நாட்கணக்கில் அழுகவிட்டு, புழு அரித்த சதையைக் கழுவி முத்தெடுப்பார்கள்.

1905இல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி கரையேறியது. அடுத்த வருடமே பார்களை லண்டன் கம்பனி ஒன்று 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை, கம்பனியும் நொடித்தது. 1925இல் இன்னொரு சலாபம் நடந்தது. அதன்பின் அப்படியொரு கூட்டம் கூடவில்லை.

பொடியன்மாருக்கு நான் சொல்வது இதுதான்: படத்தில் நிற்பவர்களில் அநேகர் வந்து போனவர்கள். படம் பிடித்தவர் கடலைப் பார்த்து நின்றார். வயலும் குளமும் பள்ளிவாசலுமாக இருந்த ஊர் அவருடைய முதுகுக்குப் பின்னால். சில வாரமே நின்ற பட்டணம் 1908இல் நியூயோர்க்கில் வந்த முத்துப் புத்தகம் வரைக்கும் போனது. வருடம் முழுக்க இருந்த ஊரை எவரும் பிடிக்கவில்லை.

பிறகு எங்கள் படங்களை நாங்களே பிடித்தோம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது அல்பங்கள் வீட்டோடு போயின. உம்மாவின் கலியாணப் படமும் அதில் ஒன்று. புத்தளத்திலிருந்து திரும்பியபோது ஊரில் காடு வளர்ந்திருந்தது. இது யாருடைய நிலம் என்ற கேள்வியும் கூடவே வளர்ந்திருந்தது. அந்தக் கேள்விக்குத் தோணிப் படத்தை நீட்டிப் பயனில்லை. காணி உறுதி, பள்ளிவாசல் பதிவு, தூர்ந்த கிணறு, மையவாடிக் கல் இவைதான் எங்கள் சாட்சி. கமரா இருக்கிறவன் முதலில் அவற்றைப் பிடிக்கட்டும்.