கொடியேறிய ஊர்

படப்பையில உட்கார்ந்துகிட்டு எதுக்கு அந்தமானைத் தோண்டுறேன்னு நண்பர்கள் கேட்கிறாங்க. சென்னைத் துறைமுகத்துல கப்பல் ஏறினா மூணு நாள்ல போர்ட் பிளேர். அவ்வளவு கிட்டத்துல நடந்த கதை இது.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை அங்கே இறங்கியது. எதிர்ப்பே இல்லை. வெள்ளைக்காரன் ஒழிந்தான் என்று ஊரில் பலருக்கும் நிம்மதி. இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்க் கிளையை நடத்தியவர் டாக்டர் திவான் சிங். ஆனால் கொஞ்ச நாளிலேயே ஜப்பானியருக்கு யாரைப் பார்த்தாலும் உளவாளியாகத் தெரிந்தது. 1943 அக்டோபரில் திவான் சிங்கையே பிடித்து செல்லுலார் சிறையில் அடைத்தார்கள்.

டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அன்னைக்கு அதே ஊர்ச் சிறையில் திவான் சிங் சித்திரவதைப்பட்டுக் கிடந்தார். 1944 ஜனவரி 14 அன்று இறந்தே போனார். கொடியேறி சரியாக ஒரு மாதம், ஜனவரி 30. ஹம்ஃப்ரிகஞ்ச்சில் 44 பேரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். குற்றச்சாட்டு, உளவு. அவர்களில் பலர் அதே லீக்கில் இருந்தவங்க.

கொடியேறிய தேதி நமக்குத் தெரியும். அந்த ஜனவரியையும் சேர்த்துப் படிச்சாதான் அந்த ஊர் பட்டது புரியும்.