குடியிருக்கும் உரிமை: மதீனா முதல் பழவேற்காடு வரை

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையிலிருந்தே தொடங்குவர். எனக்கோ அவ்வூர் வேறுவிதமாகத் தோன்றுகிறது. அது, தலைசாய்க்க ஓரிடம் தேடி வந்தவர்களின் ஊர். அங்குள்ள முஸ்லிம்களின் முன்னோர் அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்து குடியேறியவர்கள் என்பது ஊர் மரபு. ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் ஏவுதளத்திற்காகக் கையகப்படுத்தப்பட்டபோது, அத்தீவின் மீனவர்களும் யானாதிப் பழங்குடியினரும் இடம்பெயர நேர்ந்தது.

இடம்பெயர்ந்தோருக்கு இல்லம் அளிப்பது நம் மார்க்க வரலாற்றின் முதல் அத்தியாயங்களுள் ஒன்று. ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்ஸார்கள் தம் இல்லங்களில் ஏற்றனர். வீடற்ற வறியோருக்கு மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையே உறைவிடமாயிற்று. அவர்களே அஹ்லுஸ் ஸுஃப்பா. அப்பள்ளிவாசல் எழுந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குரியது. இலவசமாகத் தருகிறோம் என்றபோதும், நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே அதைப் பெற்றார்கள். இறையில்லத்திற்காகக்கூட எளியோரின் மனை விலையின்றி எடுக்கப்படவில்லை.

இவற்றைவிடக் குறைவாகவே பேசப்படும் ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் வீடுகளை வக்ஃப் செய்தபோது, மணவிலக்குப் பெற்றுத் திரும்பும் தம் புதல்விகள், பிறருக்குத் தீங்கு செய்யாமலும் தமக்குத் தீங்கு நேராமலும் அவற்றில் குடியிருக்கலாம் என விதித்தார்கள். மறுமணத்தால் தேவை நீங்கினால் அவ்வுரிமையும் நீங்கும். தேவை உள்ளவரை குடியிருப்பு, அதுவும் பாதுகாப்போடு! இன்று பல நாடுகளில் ஆதரவு இல்லங்கள் என்று சட்டம் இயற்றி நடத்துவதன் சாரம் இவ்வொரு நிபந்தனையில் அடங்கியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபின், தமிழக அரசு 2005 மார்ச் மாதத்தில் வெளியிட்ட ஆணைப்படி கடலோர மீனவருக்குப் புதிய வீடுகள் கட்டப்பட்டன. ஒரு வீட்டின் மதிப்பு சுமார் 1.5 லட்சம் ரூபாய். பரப்பு 300 முதல் 325 சதுர அடி. அவ்வாணையில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம், வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்பது. அதுவரை மீனவக் குப்பங்களில் எத்தனை பெண்களின் பெயர் மனைப் பத்திரத்தில் இருந்திருக்கும்?

ஆயினும் அத்திட்டத்தின் அளவுகோல் இழந்த வீட்டுக்கு ஒரு வீடு என்பதே. வீட்டை இழந்தவர் கணக்கில் வந்தார்; தொடக்கத்திலிருந்தே வீடு இல்லாதவர் வரவில்லை. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மூன்று சகோதரர்களின் குடும்பங்கள் அந்த அளவுகோலுக்கு ஒரு குடும்பமே. பிற்காலத் திட்டங்களிலும் இக்குறை முற்றிலும் தீரவில்லை. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமாயினும், 2024இல் அறிவிக்கப்பட்டு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லமாயினும், வீடு எழும்ப மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும். பிரிட்டனில் குறைந்த வருமானமுள்ளோரின் வாடகைக்கு அரசு துணை நிற்கிறது. நம் கிராமங்களிலோ, வாடகை வீட்டில் வாழும் விதவைக்கு அத்தகைய மாத உதவி இல்லை.

இங்குதான் ஜமாஅத்துகளின் பொறுப்பு தொடங்குகிறது. வக்ஃப் நிலத்தைத் தனியாருக்கு விற்கவோ அன்பளிப்பாக வழங்கவோ சட்டம் இடந்தராது, ஷரீஅத்தும் இடந்தராது. ஆனால் வக்ஃப் செய்தவரின் நிபந்தனைக்கு முரணாகாத இடத்தில், ஸுபைர் (ரலி) அவர்கள் செய்ததுபோல், உடைமை தராமல் குடியிருப்பு மட்டும் தர முடியும். பள்ளிவாசல்கள் கடைகள் கட்டி வாடகை ஈட்டுவதைக் குறைகூறவில்லை; விளக்கெரியவும் இமாமுக்குச் சம்பளம் தரவும் அது தேவைதான். பத்துக் கடைகள் கட்டும் இடத்தில் இரண்டு அறைகள், கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் போதும். வாடகை செலுத்த இயலாத ஏழைக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவுவதற்கும் தடையில்லை; ஃபகீர், மிஸ்கீன் என்னும் முதல் இரு பிரிவினரில் அவரும் அடங்குவார்.

பட்டா இல்லாக் குடும்பங்கள் எவை, வாடகையில் வாழும் விதவைகள் யார் என்ற பட்டியல் எத்தனை ஜமாஅத்துகளில் இருக்கிறது? சந்தா ஏட்டின் பக்கத்தில் அதற்கும் ஓர் ஏடு வைக்கலாம்.