கூடாரம், கோபுரம், ஆலமரம்

'கோர்ட்டுப் படி ஏறாதே' என்று நம்மூரில் சொல்வதுண்டு. ஊர்ப் பஞ்சாயத்துக்கு யாரும் 'ஏறுவது' கிடையாது, மரத்தடியில் கூடுவதுதான். பஞ்சாயத்தைப் புனிதப்படுத்த இதைச் சொல்லவில்லை. அங்கே உட்கார்வது யார், கைகட்டி நிற்பது யார் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. நீதிக்கு ஓர் இடம் வகுக்கும்போதே அதிகாரமும் வகுக்கப்பட்டுவிடுகிறது.

தருமபுரிக்கு ஆங்கில நீதி முதலில் கட்டிடமாக வரவில்லை, கலெக்டரின் கூடாரமாக வந்தது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலைப் பெற்ற கம்பெனி, அலெக்சாண்டர் ரீடையும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ முதலியோரையும் அனுப்பியது. பட்டாளத்து ஆட்கள். நிலத்தை அளந்து தீர்வை போட்டவர்களே வழக்கையும் கேட்டார்கள். 1802இல் ஜில்லா கோர்ட்டுகள் வந்து கலெக்டர் வேறு, நீதிபதி வேறு என்றாயிற்று. மன்றோவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் யோசனைப்படி வந்த 1816ஆம் வருஷச் சட்டங்கள் போலீசையும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் கலெக்டரிடமே சேர்த்தன. குடியானவனுக்கு நீதி கிட்டத்தில் கிடைக்கட்டும் என்பது வாதம். வரி கேட்கிறவனே தண்டிக்கிறவனும் ஆனான் என்பது விளைவு.

கோபுரம் பிறகு வந்தது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டிடம் 1892 ஜூலை 12இல் திறக்கப்பட்டது. பிராசிங்டன் போட்ட திட்டத்தை ஹென்றி இர்வின் முடித்தார். செங்கல் சுவர், குவிமாடங்கள், மினார்கள், வண்ணக் கண்ணாடி: 'இந்தோ-சாரசனிக்' பாணி. 1857க்குப் பிறகு வெள்ளை ராஜ்ஜியம் முகலாயரின் வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொள்ள உடுத்திய வேஷம் இது. 1894இல் கோபுரத்து உச்சியில் கலங்கரை விளக்கு ஏற்றினார்கள். கப்பல்களுக்கு வழி தெரிந்தது. மலைக்காரர்களுக்கோ, அதே காலத்து 1882 வனச்சட்டம்தான் வந்து சேர்ந்தது. ரிசர்வ் காட்டில் மாடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் குற்றமாயின.

1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்தே நுழைந்தன. ஊர் ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். மரத்தடி நீதியையும் கூடாரத்து நீதியையும் அன்று ஒரே இடத்தில் பார்த்தது வாச்சாத்தி.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்க, அந்தப் பெண்கள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தா. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல், அதே செப்டம்பர் 29இல், உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதைய கலெக்டர், போலீஸ் எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

மன்றோ கலெக்டர் கையில் கொடுத்த அதிகாரத்தை நோக்கி, 207 வருஷம் கழித்து, அவர் வரி வசூலித்த சீமையிலிருந்தே ஒரு கேள்வி போயிருக்கிறது. குவிமாடத்துக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. 19 வருஷம் படி ஏறி இறங்கிய கால்கள் வாச்சாத்திக்காரர்களுடையவை.