திருவொற்றியூர் புல்லட்டும் நூறு சிசி வண்டிகளும்

வடசென்னையின் திருவொற்றியூரில் 1956 முதல் செய்யப்பட்டு வந்த மோட்டார் சைக்கிள் புல்லட் ஆகும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியச் சாலைகளில் பெரிய மோட்டார் சைக்கிள் என்றாலே மக்கள் நினைவுக்கு வந்தது இதுதான். 1980களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டில் நூறு சிசி வண்டிகள் வந்தபோது, பலர் நெடுங்காலம் ஓட்டிய புல்லட்டைக் கொடுத்துவிட்டு அவற்றை வாங்கினர். 2000க்குப் பிறகு இதே மாற்றம் எதிர்த்திசையில் நடந்தது. வண்டி மாற்றுவது விலையும் மைலேஜும் மட்டும் சார்ந்த செய்தி என்று தோன்றலாம். புல்லட்டைப் பொறுத்தவரை அது கால்களின் பழக்கத்தை மாற்றும் செய்தியாகவும், ஒரு தொழிற்சாலை ஊரின் பிழைப்பைத் தொடும் செய்தியாகவும் இருந்தது.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்துகொடுத்ததன் வழியாக, அத்தொழிற்சாலை இருந்த என்ஃபீல்டு என்ற ஊரின் பெயர் இந்நிறுவனத்துக்கு வந்தது. புல்லட் என்ற பெயர் 1932இல் சூட்டப்பட்டது. துப்பாக்கியும் குண்டும் பெயரளவில் அப்படித்தான் ஒன்றுசேர்ந்தன.

சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1949 முதல் இவ்வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி எனக் கருதி இந்திய இராணுவம் 350 சிசி புல்லட்டுகளை நூற்றுக்கணக்கில் கேட்டது. இதையடுத்து ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. மறு ஆண்டு திருவொற்றியூர் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. அந்த ஆண்டு முடிவுக்குள் வெளிவந்த வண்டிகள் 163. பின்னர் வார்ப்புக் கருவிகளும் இங்கே வந்துசேர, 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன.

இடத் தேர்வில் வியப்பில்லை. துறைமுகம் அருகில் இருந்தது, இருப்புப்பாதை பக்கத்தில் ஓடியது, கடலோரம் நிலமும் கிடைத்தது. எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னர் டயருக்கு மாறிய எம்.ஆர்.எஃப். என்று அந்தப் பகுதியே ஆலைகளின் வரிசையாக இருந்தது. ஷிப்டு மாறும் சங்கு ஒலியை வைத்துச் சமையல் நேரம் பார்த்த வீடுகள் அங்கு உண்டு.

இங்கிலாந்தில் ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் அங்கு ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றது. தாய் வீடு இல்லாமற்போன பின்னும் திருவொற்றியூரில் அதே வண்டி அதே அச்சில் வந்துகொண்டிருந்தது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் தொடங்கியது.

பழைய புல்லட்டை ஓட்டும் முறை

மாற்றத்தின் கடினம் புரிய, பழைய வண்டியின் இயக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 346 சிசி கொள்ளளவு, வார்ப்பிரும்பு சிலிண்டர், ஒற்றை பிஸ்டன். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. குறுகலான, நெடிய சிலிண்டர் என்பதால் வேகம் மெல்லத்தான் ஏறும். ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுவிசை கிடைக்கும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும் அந்த ஓசைக்கும் இந்த அமைப்பே காரணம். எடை 160 கிலோவுக்கு மேல்.

கிளப்புவது ஒரு தனிப் பயிற்சி. விளக்கின் மேற்புறத்தில் உள்ள அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். கைப்பிடியருகே உள்ள சிறு நெம்புகோலை இழுத்தால் சிலிண்டரின் அழுத்தம் வெளியேறும். முள் நடுவுக்கு வந்ததும் நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். பிசகினால் கிக்கர் திருப்பியடிக்கும். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பல தெருக்கள் பார்த்திருக்கின்றன.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது மிதிகளின் இடம். அக்கால ஆங்கிலேய வழக்கப்படி புல்லட்டின் கியர் வலது காலிலும் பின்பிரேக் இடது காலிலும் இருந்தன. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. முதல் கியர் தவிர்த்த எந்தக் கியரிலிருந்தும் குதிகாலால் அழுத்தி நியூட்ரலுக்கு வருவதற்கென்றே ஒரு தனி மிதியும் வலப்பக்கம் உண்டு. சிக்னலில் நிற்கும்போது அது எவ்வளவு வசதி என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்; பிறகு வந்த எந்த வண்டியிலும் நான் அதைப் பார்க்கவில்லை.

நூறு சிசியின் வருகை

1980களில் நடுவண் அரசு வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கூட்டுகளுக்கு வழிவிட்டது. ஓசூரில் டி.வி.எஸ். சுசுகியுடன் சேர்ந்து செய்த வண்டி 1984இல் வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100, அடுத்து கவாசாகி பஜாஜ். இவை புல்லட்டின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கோ அதற்கும் குறைவோதான். ஒரே மிதியில் கிளம்பின. சிடி 100க்கு லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தார்கள். புல்லட் அதில் பாதியைத் தொட்டாலே உரிமையாளர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. எண்ணெய்க் கசிவும் பாயின்ட் சரிசெய்வதும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடுதல் வருமானம்.

ஆனால் புதிய வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இதில் பெரிய தொல்லை இல்லை. ஸ்கூட்டரில் கியர் கையில் இருந்தாலும் பிரேக் மிதி வலது காலில்தான். ஜாவா, எஸ்டி ஓட்டியவர்களுக்கும் கியர் இடப்பக்கமே. ஆகவே கால்களை முழுதாக மாற்றிப் பழக வேண்டியிருந்தவர்களில் புல்லட்காரர்களே முதன்மையானவர்கள். நிதானமாக ஓட்டும்போது அறிவு வேலை செய்யும். குறுக்கே மாடோ குழந்தையோ வந்தால் வேலை செய்வது பழக்கம். பிரேக் என்று நினைத்து இடது காலை அழுத்தினால் கியர் மாறும், வண்டி நிற்காது.

1989இல் என் தந்தை வழி வந்த புல்லட்டைக் கொடுத்து நானும் ஒரு நூறு சிசி வண்டி வாங்கினேன். முதல் வாரத்திலேயே தேரடி அருகே முன்னால் நின்ற மீன் வண்டியில் போய் முட்டினேன். காயம் இல்லை; ஒரு கூடை மீனுக்குப் பணம் கொடுத்தேன். அதைவிட வலித்தது வேறொன்று. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சார், எங்க அப்பா செஞ்ச வண்டிய வித்துட்டீங்களாமே?" என்று கேட்டான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலரின் வீட்டு அடுப்பு அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில் எரிந்தது. மைலேஜ் கணக்கை அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொழிற்சாலையே வண்டி மாற்ற முயன்றது

வாங்குபவரின் மனம் மாறுவதை என்ஃபீல்டு இந்தியா கவனிக்காமல் இல்லை. 1960களிலேயே ஃபேன்டாபுலஸ் என்ற ஸ்கூட்டரைச் செய்து பார்த்தது. 1980களில் 25 சிசி மோஃபா, ஜெர்மனியின் சுண்டாப் வடிவமைப்பில் 50 சிசி சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர், பெரியதில் ஃபியூரி என்று சிறு வண்டிகள் வரிசையாக வந்தன. ஃபியூரி இந்தியாவில் முன்பக்க டிஸ்க் பிரேக் கொண்ட தொடக்ககால வண்டிகளுள் ஒன்று. எதுவும் நிலைக்கவில்லை. சுண்டாப் நிறுவனமே 1984இல் நொடித்துப்போனது. சிறு வண்டி வேண்டியவர்கள் ஜப்பானியப் பெயரை நாடினர். என்ஃபீல்டு என்ற பெயரைத் தேடி வந்தவர்கள் புல்லட்டைத்தான் கேட்டனர். டீசலில் ஓடும் டாரஸ் என்ற வண்டியும் வந்தது. மைலேஜ் மிகுதி, வேகம் மிகக் குறைவு. டீசல் என்ஜினின் அதிர்வில் கைகள் மரத்துப்போகும் என்பார்கள்.

1990இல் ஐஷர் குழுமம் நிறுவனத்துக்குள் வந்தது. 1994இல் நிறுவனத்தின் பெயர் ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ் என்றானது. 2000ஆம் ஆண்டில் மாதம் 6000 வண்டிகள் செய்யக்கூடிய நிறுவனம் சுமார் 2000 வண்டிகளையே விற்றுக்கொண்டிருந்தது. விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று ஐஷரின் இயக்குநர் குழு பேசியது. அப்போது 26 வயதான சித்தார்த்த லால் சிறிது காலம் கேட்டுப் பொறுப்பை ஏற்றார். ஜெய்ப்பூரில் இருந்த புதிய ஆலை மூடப்பட்டது. திருவொற்றியூர் தப்பியது.

இடப்பக்கம் வந்த கியர்

தப்பிய வழி இங்கு நினைவுகொள்ளத்தக்கது. நிறுவனம் இம்முறை சிறு வண்டிக்குப் போகவில்லை. 2002இல் தண்டர்பேர்டு என்ற குரூஸர் வகை வண்டியைக் கொண்டுவந்தது. குரூஸர் என்பது தாழ்ந்த இருக்கையும் உயர்ந்த கைப்பிடியும் கொண்டு, நெடுந்தூரம் சாய்ந்தமர்ந்து ஓட்டுவதற்கான அமைப்பு. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் உதவியுடன் உருவான அலுமினிய என்ஜின் இதில் இருந்தது. ஐந்து கியர்களும் இடப்பக்க மிதியும் இந்த வரிசையில் வந்தன.

அமெரிக்காவில் 1974 முதலே கியர் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே அனுப்பிய புல்லட்டுகளுக்கு, வலப்பக்கக் கியர்ப்பெட்டியிலிருந்து குறுக்கே ஓர் இணைப்புத் தண்டு போட்டு இடது மிதியுடன் சேர்த்திருந்தார்கள். உள்நாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே நம் ஊரில் மிதி மாறியது வாங்குபவரின் தலைமுறை மாறியதால்தான். நூறு சிசியில் பழகி வளர்ந்த இளைஞர்களுக்கு வலப்பக்கக் கியர் புரியாத புதிர். அவர்களை இழுக்க மிதியை மாற்ற வேண்டும். மாற்றினால் பழைய புல்லட்காரர் இது புல்லட்டே அல்ல என்பார். நிறுவனம் சில ஆண்டுகள் இரண்டையும் பக்கம் பக்கமாக விற்றது. 2009இல் என்ஜினும் கியர்ப்பெட்டியும் ஒரே உறைக்குள் அமைந்த கிளாசிக் வந்தது. 2010இல் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. அந்த ஆண்டுகளில் வார்ப்பிரும்பு என்ஜினும் வலப்பக்கக் கியரும் ஒன்றாக விடைபெற்றன. டாங்கின் வடிவம், ஒற்றை இருக்கை, வட்ட விளக்கு ஆகியவை மட்டும் 1950களின் சாயலில் நிறுத்தப்பட்டன. உள்ளே இருந்தது முற்றிலும் வேறு வண்டி.

என் கருத்தில் 1980களின் தோல்விக்கும் 2009இன் வெற்றிக்கும் இடையிலான வேறுபாடு இதுதான்: முன்பு வெளித்தோற்றத்தை மாற்றினார்கள், பிறகு உள்ளுறுப்புகளை மாற்றினார்கள். நூறு சிசி ஓட்டியவர்கள் வரிசையாகத் தங்கள் வண்டியைக் கொடுத்துவிட்டு கிளாசிக் வாங்கினர். 2014இல் நிறுவனம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்றது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் உலகெங்கும் விற்றதைவிட அது அதிகம்.

இந்த அளவுக்குத் திருவொற்றியூர் இடம் போதவில்லை. 2013இல் ஒரகடத்திலும், பின்னர் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் இயங்கத் தொடங்கின. பெருமளவு உற்பத்தி தெற்கே போய்விட்டது. புல்லட் டாங்கின் ஓரத்தில் ஓடும் தங்கநிறக் கோடுகளைத் தூரிகை கொண்டு கையாலேயே, அளவுகோல் இல்லாமல், ஒரே இழுப்பில் வரையும் கலை திருவொற்றியூரில் வளர்ந்தது. அதைச் செய்தவர்கள் தந்தையிடமிருந்து மகன் கற்றவர்கள்.

பழைய வலப்பக்கக் கியர் புல்லட்டுகளுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. பதிவு செய்து 15 ஆண்டுகள் முடிந்தபின் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பித்து அவற்றை வைத்திருக்கிறார்கள். 1980களில் கைமாறிப்போன வண்டிகளில் பல புதுப்பேட்டையில் பாகம் பாகமாகப் பிரிந்துபோயின. அதே பாகங்களைத் தேடி அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இப்போது ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள். எந்த ஆண்டு வண்டி என்று கடைக்காரர் பிறகுதான் கேட்பார். முதல் கேள்வி, "வலது கியரா, இடது கியரா?"