கட்டடத்துக்கு மதிப்பெண்

போன மாதம் என் கடைசித் தம்பி ஒரு வண்ணத் தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். எங்கள் பூர்வீக வீட்டை இடித்துவிட்டு அங்கே நான்கு மாடி கட்டித் தருவதாக ஒரு கட்டட நிறுவனம் சொல்கிறது. தாளின் மூலையில் ஒரு பச்சை இலை. "அண்ணே, இது சாதாரணக் கட்டடம் இல்லை. பசுமைச் சான்றிதழ் வாங்கித் தருவாங்க. வாடகையும் கூட வரும்" என்றான். நான்கு பேர் போடவேண்டிய கையெழுத்தில் மூன்று விழுந்துவிட்டது. என்னுடையதுதான் பாக்கி.

முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். எந்தக் கோப்பையும் முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் கையெழுத்துப் போட்ட பழக்கம் இல்லை. அந்தப் பச்சை இலையின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். படித்ததில் நம் ஊர்க் கதையும் கலந்திருந்ததால் இங்கே எழுதுகிறேன்.

கட்டடத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை முதலில் முறையாகக் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1990-இல் அங்குள்ள கட்டட ஆராய்ச்சி நிலையம் 'பிரீம்' என்ற முறையை வெளியிட்டது. அமெரிக்காவில் 1993-இல் பசுமைக் கட்டடக் கவுன்சில் தொடங்கி, 1998-இல் 'லீட்' என்ற மதிப்பெண் முறையைச் சோதனையாக விட்டார்கள். 2000-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1996-இல் அவர்களும் ஒரு சங்கம் வைத்து, 'ஓத் கலித்தே ஆன்விரொன்மாந்தால்' என்று தங்கள் பாணியில் 14 இலக்குகளை வகுத்தார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதிலிருந்தே மேல்நாடுகளில் கட்டடங்கள் தின்னும் மின்சாரத்தைப் பற்றிய கவலை இருந்தது. அந்தக் கவலைதான் பதினைந்து இருபது வருடத்தில் மதிப்பெண் பட்டியலாக உருவெடுத்தது.

அமெரிக்க முறையின் இரண்டாம் பதிப்பைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இந்தியாவுக்கு முதலில் வந்தது அதுதான். மொத்தம் 69 மதிப்பெண். மனையைத் தேர்ந்தெடுத்த விதத்துக்கு 14, தண்ணீர்ச் சிக்கனத்துக்கு 5, மின்சாரத்துக்கும் காற்று மண்டலத்துக்கும் 17, கட்டுமானப் பொருள்களுக்கு 13, உள்ளே இருப்பவர்களின் சுகத்துக்கு 15, புதுமைக்கும் வடிவமைப்புக்கும் 5. இவை தவிர, மதிப்பெண் இல்லாத ஏழு கட்டாய நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்று தவறினாலும் மற்றதை எண்ணவே மாட்டார்கள். 26 வாங்கினால் சான்றிதழ், 33 வாங்கினால் வெள்ளி, 39-க்குத் தங்கம், 52-க்கு பிளாட்டினம்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு எல்லாமே 20-க்குத்தான். பத்துக்குக் கீழே போனால் தோல்வி. அந்தக் கணக்கில் 69-க்கு 26 என்பது 20-க்கு ஏழரை! எங்கள் வாத்தியார் அந்தத் தாளைத் திருப்பி எறிந்திருப்பார் என்று சிரித்துக்கொண்டேன்.

வழிமுறையைப் படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. முதலில் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் தனித்தனி அத்தாட்சி. குழாய் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடும் என்ற கணக்கு. செங்கல்லும் ஓடும் எத்தனை தூரத்திலிருந்து வந்தன என்பதற்கு ரசீது. 800 கிலோமீட்டருக்குள் செய்ததாக இருந்தால் உள்ளூர்ச் சரக்கு. இடிபாட்டுக் குப்பையில் எத்தனை பங்கு மறுபடி பயன்பட்டது என்பதற்கு எடைச் சீட்டு. கட்டடக் கலைஞரும் பொறியாளரும் தங்கள் பொறுப்பில் கையொப்பமிட்ட கடிதங்கள். இவ்வளவும் போனபின் பரிசீலிப்பவர்கள் கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்புவார்கள். பதில் போனபிறகுதான் முடிவு. நம் அலுவலகத்தில் தணிக்கைக்காரர்கள் ஆட்சேபணை எழுப்புவது மாதிரியேதான். ரசீது கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்றால்தான் ஒப்பந்தக்காரர் ரசீதைப் பத்திரமாக வைப்பார். இது என் அனுபவம்.

இந்த 69-இல் 56 வாங்கிய கட்டடம் ஒன்று ஐதராபாத்தில் இருக்கிறது. இந்தியத் தொழில் கூட்டமைப்பு, அன்றைய ஆந்திர அரசு, கோத்ரெஜ் குடும்பத்தின் அறக்கட்டளை மூவரும் சேர்ந்து கட்டிய சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம். 2003-இல் அதற்கு பிளாட்டினம் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே பிளாட்டினம் வாங்கிய முதல் கட்டடம் அதுதான். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்த நாள் 2004 ஜூலை 14. புதுச்சேரிக்காரனுக்கு அந்தத் தேதி மறக்காது. பஸ்தீ விழுந்த நாள், எங்கள் பள்ளிக்கு விடுமுறை நாள். 69-க்கு 56 என்பது 20-க்குப் பதினாறு. பிரெஞ்சுப் பள்ளியில் 16 என்றால் 'த்ரே பியேன்'.

2009-இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகப்பிள்ளை, "வாங்க மாமா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று அங்கே கூட்டிப்போனார். ஏதோ விண்கலம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். உள்ளே நடுவில் வட்டமாக ஒரு முற்றம்! சுவர்களில் கல்லில் குடைந்த மாதிரி துளை வைத்த ஜாலி. பகலில் விளக்குப் போடத் தேவையில்லாத அறைகள். இரண்டு காற்றுக் கோபுரங்கள் வெளிக்காற்றை வாங்கிக் குளிர்வித்து, அதன்பிறகே குளிர்சாதன இயந்திரத்துக்கு அனுப்புகின்றன. கூரையில் பெரும்பகுதி மண் போட்டு வளர்த்த தோட்டம். மற்றதில் சூரிய மின்தகடுகள். கழிவுநீர் செடிகளின் வேர்களுக்கிடையே ஓடிச் சுத்தமாகித் தோட்டத்துக்கே திரும்புகிறது. கட்டியவர் வதோதராவைச் சேர்ந்த கரண் குரோவர். முற்றத்தில் நின்றபோது எனக்கு எங்கள் பாட்டி வடகம் காயவைத்த இடம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு ஞாபகமும் வந்தது. நம் ஊரில் ஆசிரமத்தின் தங்கும் விடுதி ஒன்றுக்கு 'கோல்கோண்ட்' என்று பெயர். ஐதராபாத்தின் கோல்கொண்டாதான் பிரெஞ்சு உச்சரிப்பில் அப்படி ஆயிற்று. நிஜாம் அரசின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி மூலம் அங்கிருந்து கிடைத்த நன்கொடையில் எழுந்த கட்டடம் என்பதால் அன்னை அந்தப் பெயரை வைத்தார். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்த அந்தோனின் ரேமண்ட் வரைபடம் போட, ஜார்ஜ் நகஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் இங்கே தங்கி வேலையைக் கவனித்தார்கள். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி, உலகப்போரின் நடுவிலும் வேலை நடந்தது. ஆசிரமவாசிகளே கட்டட வேலை செய்தார்கள். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கித் தாழ்ப்பாளும் கைப்பிடியும் வார்த்தார்கள்.

வெயில் முகத்தில் அறையாதபடி அகலமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்தப் பக்கங்களில் சுவரே கிடையாது; திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள்தான். நம் பிரெஞ்சு வீட்டு ஜன்னல்களில் சாய்வுச் சட்டங்கள் இருக்குமே, அதையே ஒரு கட்டடம் முழுவதற்கும் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அறைகளுக்குத் தேக்கில் இழுப்புக் கதவுகள். கூரை இரட்டைக் கூரை; நடுவில் காற்று ஓட இடம். இரு பக்கமும் தோட்டம். குளிர்சாதனம் இல்லாமலே நம் ஊர்க் கோடையைத் தாங்குகிற கட்டடம் அது. 'பசுமைக் கட்டடம்' என்ற சொல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தியது.

நம் முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள், இந்த மதிப்பெண் எல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம் என்று முடித்துவிடலாமா? முடியாது. கோல்கோண்டின் அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டில் செய்தவை. அது நுரையீரலுக்கு எமன் என்று இன்று தெரியும்; அன்று பரவலாகத் தெரியாது. நல்ல மனமும் நல்ல மூளையும் இருந்தாலும், கேள்விப் பட்டியல் ஒன்று கையில் இருப்பது நல்லதுதான்.

பட்டியல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். எங்கள் அலுவலகம் பல வருடம் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்றில் இருந்தது. முழங்கை நீளத்துக்குச் சுவர், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை. பிறகு புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் கோப்பின்மேல் விழும். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் பட்டப்பகலில் குழல்விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் போனால் எல்லோரும் படிக்கட்டில் போய் நிற்போம். அந்தக் கண்ணாடியை அங்கே ஏன் வைத்தார்கள் என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை.

இந்தியாவில் 2001-இல் இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் தொடங்கியது. 2007-இல் அமெரிக்க முறை நம் நாட்டுக்கு ஏற்ற வடிவத்தில் வந்தது. டெரி நிறுவனமும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து 'கிரிஹா' என்ற நம் சொந்த முறையையும் கொண்டுவந்தன. அதில் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள்.

இதில் குறை ஒன்றும் உண்டு. நான் சொன்ன 69-இல் சைக்கிள் நிறுத்த இடமும் உடைமாற்ற அறையும் வைத்தால் ஒரு மதிப்பெண். பழைய கட்டடத்தை இடிக்காமல், அதன் சுவரையும் தளத்தையும் கூரையையும் முழுக்கக் காப்பாற்றி, உள்வேலைகளிலும் பாதியை வைத்துக்கொண்டால் எவ்வளவு தெரியுமா? மூன்றே மூன்று. எங்கள் வீட்டுச் செங்கல்லைச் சுட்ட விறகும், அதன் தேக்கு உத்தரங்களைக் கப்பலில் கொண்டுவந்த செலவும் நூறு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன கணக்கு. இடித்தால் அத்தனையும் குப்பைக்குப் போய், அதே செலவு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நிறுவனத்தின் இளம் பொறியாளரிடம் தொலைபேசியில் பேசினேன். சான்றிதழுக்குப் பதிவாகிவிட்டதா, பதிவு எண் என்ன என்று கேட்டேன். "இன்னும் இல்லீங்க சார், உங்க கையெழுத்து ஆனதும் போடுவோம்" என்றார். நல்ல பையன், பொய் சொல்லவில்லை. ஆனால் தாளில் இலை முதலிலேயே வந்துவிட்டது.

தம்பிகளுக்குப் பழைய பழக்கப்படி வரிசை எண் போட்டு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன். 1. திண்ணை, தாழ்வாரம், முற்றம் உள்ள முன்கட்டு இடிபடக் கூடாது. 2. பின்கட்டில் கட்டலாம், இரண்டு மாடி போதும். 3. பின்கட்டை இடிக்கும்போது வரும் செங்கல்லும் தேக்கும் புதுக் கட்டடத்துக்கே பயன்பட வேண்டும். 4. சான்றிதழ் வாங்குவதானால் பதிவு எண்ணை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

"மூணு மார்க்குக்காகவா இவ்வளவு அண்ணே?" என்று கடைசித் தம்பி போனில் சிரித்தான். அவனுக்கும் பணத் தேவை இருக்கிறது, பெண்ணுக்குக் கல்யாணம் பார்க்கிறான். இரண்டு மாடி குறைந்தால் அவன் பங்கும் குறையும் என்பது எனக்குத் தெரியும். அதற்காக என் பங்கில் கொஞ்சம் அவனுக்கு விட்டுக்கொடுப்பதாகக் குறிப்பின் அடியில் எழுதியிருக்கிறேன். அதை அவன் இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.

பொங்கலுக்கு நாங்கள் நான்கு பேரும் அந்த முற்றத்தில்தான் உட்கார்ந்து பேசப்போகிறோம். அதுவரை என் கையெழுத்து என்னிடமே இருக்கும்.