ஒரு நூல், மூன்று கண்டங்கள்

பணக்கார நாட்டில் மில் ஓடுவதற்கும் இங்கே மானாவாரி நிலத்தில் ஏர் ஓடுவதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் உண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பருத்திக் கதையையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

1860-ல் உலகத்துக்கே துணி நெய்து அனுப்பியது இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரம். ஆனால் அங்கே பருத்தி விளையாது. வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் விளைந்தது. அதைப் பறித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின அடிமைகள்.

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதிக் கடற்படை தென்பகுதித் துறைமுகங்களை அடைத்தது. பஞ்சு நின்றது, மில்லும் நின்றது. 1862 கடைசியில் லங்காஷயரில் லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் நிவாரணத்தை நம்பிக் கிடந்தார்கள்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அதுதான் பம்பாயில் நடந்தது. பஞ்சு விலை பல மடங்கு ஏறியது. கடலைத் தூர்த்து நிலமாக்கப் போகிறோம் என்று கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. தக்காணத்துக் குடியானவனிடமும் சாவுகார் தேடிப் போய்க் கடன் கொடுத்தார். பருத்தி இருக்கும்போது என்ன பயம்?

1865 ஏப்ரலில் போர் முடிந்தது. அமெரிக்கப் பஞ்சு திரும்ப வரும் என்றதுமே விலை சரிந்தது. பம்பாயின் பெரும்புள்ளி பிரேம்சந்த் ராய்சந்தே திவாலானார். குடியானவனுக்கோ விலை போனது, கடன் பத்திரம் மட்டும் போகவில்லை. போதாக்குறைக்கு அரசு நிலவரியையும் ஏற்றியது. 1875 மே மாதம் புனா மாவட்டம் சூபாவில் விவசாயிகள் திரண்டு சாவுகார்களின் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். பல ஊர்களுக்குக் கலவரம் பரவியது. 1879-ல் அரசு விவசாயிகளுக்கான நிவாரணச் சட்டம் போட்டது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, அடிமை முறையை ஒழிக்கப் போகும் லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். வேலை போனதே அந்தப் போரால்தான்! லங்காஷயரில் எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. தெற்கை ஆதரித்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பட்டினியோடு அந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்தது. 1863 ஜனவரியில் லிங்கன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அடுத்த மாதமே அமெரிக்காவிலிருந்து மாவு மூட்டைகளோடு நிவாரணக் கப்பல் லிவர்பூல் வந்தது.

மான்செஸ்டர்காரருக்குத் தன் பஞ்சு யார் பறித்தது என்று தெரிந்திருந்தது. தக்காணத்து விவசாயிக்கு வந்து சேர்ந்ததோ விலை மட்டும்தான்.

இது பழங்கதை இல்லை. 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டுக் கடைகளுக்கு உடுப்புத் தைத்தவர்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும், வேலைக்கு வரச் சொன்னார்கள்.

நம் முன்னாள் மாணவர்களில் ஆர்டர் கொடுக்கும் நாட்டில் இருப்பவர்களும் உண்டு, தைத்து அனுப்பும் ஊரில் இருப்பவர்களும் உண்டு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தானே நாம்! இப்போது படிக்கிற தம்பி தங்கைகளும் நாளை இந்த இரண்டில் ஒரு பக்கம் போவீர்கள். விலை பேசும்போது, அந்த விலை கடைசியில் யார் தலையில் போய் விழுகிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.