கொலுனா ஐயா



போர்ச்சுகல் கால்பந்து என்றதும் இன்றைய பிள்ளைகள் ரொனால்டோ என்பார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் யூசேபியோ என்பார்கள். இருவரும் கோல் அடித்தவர்கள். கோல் அடித்தவர் பெயர்தான் ஊர் வாயில் நிற்கும். அந்த யூசேபியோவே கடைசிவரை 'ஐயா' போட்டு அழைத்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் மாரியோ கொலுனா. நடுக்கள ஆட்டக்காரர். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கொலுனா பிறந்தது போர்ச்சுகலில் அல்ல. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மொசாம்பிக்கில், 1935-ஆம் ஆண்டு. தந்தை போர்ச்சுகீசியர், தாய் ஆப்பிரிக்கப் பெண்மணி. அன்று மொசாம்பிக் போர்ச்சுகலின் காலனி. 1951-இல் லிஸ்பன் அரசு 'காலனி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கடல் கடந்த மாகாணம்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் கோவாவையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். பெயர் மாறியதே தவிர வாழ்க்கை மாறவில்லை. மண்ணின் மைந்தர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை கிடையாது. கட்டாய வேலை உண்டு. அந்தச் சட்டத்தை 1961-இல்தான் நீக்கினார்கள்.

கொலுனா 1954-இல், பத்தொன்பது வயதில், லிஸ்பன் நகரின் பென்ஃபிகா அணிக்கு வந்து சேர்ந்தார். வரும்போது அவர் முன்கள வீரர். கோல் அடிப்பதுதான் அவர் வேலை. ஆனால் அந்த இடத்தில் ஜோசே ஆகுவாஸ் என்ற தேர்ந்த வீரர் ஏற்கெனவே இருந்தார். பயிற்சியாளர் ஓட்டோ குளோரியா கொலுனாவைப் பின்னுக்கு இழுத்து நடுக்களத்தில் நிறுத்தினார். நடுக்களம் என்பது வீட்டில் மூத்த பிள்ளையின் இடம் மாதிரி. பின்னால் இருப்பவர்களுக்குத் துணை போக வேண்டும். முன்னால் இருப்பவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கைதட்டல் மட்டும் அடுத்தவருக்குப் போகும். அந்த இடத்தில் அவர் பதினாறு ஆண்டுகள் நின்றார். அந்த ஆண்டுகளில் பென்ஃபிகா பத்து முறை நாட்டின் லீக் பட்டத்தை வென்றது.

1961 மே 31. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே பார்சிலோனா. பென்ஃபிகா 3-2 என்று வென்றது. மூன்றாவது கோல் கொலுனாவுடையது. தொலைவிலிருந்து ஓங்கி அடித்த பந்து. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட். புஷ்காஷ் ஒருவரே மூன்று கோல் அடித்து, இடைவேளையில் மாட்ரிட் 3-2 என்று முன்னிலை. சமன் செய்த கோல் கொலுனாவுடையது. பிறகு பென்ஃபிகாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அன்றைய கேப்டன் ஆகுவாஸ்தான். ஆனாலும் இருபது வயது யூசேபியோ, தான் அடிக்கலாமா என்று கேட்டது கொலுனாவிடம். அவர் சரி என்றார். யூசேபியோ அந்த கோலும் அடித்தார், அடுத்த கோலும் அடித்தார். 5-3.

ஏன் அவரிடம் கேட்க வேண்டும்? அதற்கு ஒரு காரணம் உண்டு. யூசேபியோவும் மொசாம்பிக் பிள்ளைதான். 1960 டிசம்பரில் பதினெட்டு வயதில் லிஸ்பனுக்கு வந்தபோது, அவருடைய தாயார் கொலுனாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். என் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் செய்தி. விடுதியில் பிள்ளையைச் சேர்க்கும் தாய், அங்கே இருக்கும் ஊர்க்காரப் பையன் ஒருவனிடம் "பார்த்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போவாளே, அதுதான். கொலுனாவுக்கு அப்போது வயது இருபத்தைந்து. தம் வாழ்க்கையே நிலைகொள்ளும் வயதில் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

1963 இறுதி ஆட்டம் லண்டன் வெம்ப்ளியில். எதிரே மிலான். ஆட்டத்தின் நடுவே கொலுனாவின் காலில் பலத்த அடி. அன்று மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி கிடையாது. அவர் வெளியே போனால் அணிக்குப் பத்துப் பேர்தான். நொண்டிக்கொண்டே களத்தில் நின்றார். பென்ஃபிகா 2-1 என்று தோற்றது.

1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகலின் கேப்டன் அவரே. பிரேசிலை 3-1 என்று வென்றார்கள். வட கொரியாவிடம் மூன்று கோல் பின்தங்கி, பிறகு 5-3 என்று மீண்டார்கள். அரையிறுதியில் இங்கிலாந்திடம் தோற்று மூன்றாம் இடம் பெற்றார்கள். அந்த அணியில் கொலுனா, யூசேபியோ, இலாரியோ, விசென்டே ஆகிய நால்வர் மொசாம்பிக்கில் பிறந்தவர்கள்.

இப்போது வரலாற்று ஆசிரியராக ஒன்று சொல்ல வேண்டும். மொசாம்பிக்கில் 1964-லேயே விடுதலைப் போர் தொடங்கிவிட்டது. கேப்டன் போர்ச்சுகல் கொடியின் கீழ் நின்றபோது, அவர் பிறந்த மண்ணில் அதே கொடிக்கு எதிராகத் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது. பள்ளிப் பாடத்தில் நாம் ஒரு பக்கம் ஆண்டவர், மறு பக்கம் ஆளப்பட்டவர் என்று கோடு போட்டுவிடுகிறோம். அந்தக் கோட்டின் மேலேயே நின்று வாழ வேண்டியிருந்த மனிதர்களை எந்தப் பக்கம் எழுதுவது? அவரைத் துரோகி என்று சொல்வது எளிது. நாடு ஒன்றுதான் என்று லிஸ்பன் அரசு சொன்னதற்கு அவரைச் சாட்சியாகக் காட்டுவதும் எளிது. இரண்டும் நியாயமில்லை என்பது என் கருத்து.

அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1970-இல் பென்ஃபிகாவை விட்டு பிரான்சின் லியோன் அணியில் சிறிது காலம் ஆடினார். 1975 ஜூன் 25-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. அங்கிருந்த போர்ச்சுகீசியர்களில் பெரும்பாலோர் கிடைத்த கப்பலிலும் விமானத்திலும் லிஸ்பனுக்குக் கிளம்பினார்கள். கொலுனா எதிர்த் திசையில் போனார். பிறந்த மண்ணில் குடியேறினார். உள்நாட்டுப் போர் வந்தும் அந்த நாட்டை விடவில்லை. மொசாம்பிக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்து, அடுத்த தலைமுறைக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். நடுக்கள வேலைதான், வேறென்ன.

யூசேபியோ லிஸ்பனிலேயே வாழ்ந்து 2014 ஜனவரி 5-இல் மறைந்தார். அடுத்த மாதம் 25-ஆம் தேதி, சரியாக ஐம்பத்தோராம் நாள், மாப்புட்டோவில் கொலுனாவும் மறைந்தார். வயது 78.

வீட்டுப்பாடம் இல்லாமல் உங்களை விட்டு எனக்குப் பழக்கமில்லை. வீட்டில் உலகப்படம் இருந்தால் எடுங்கள். பிள்ளைகளை மாப்புட்டோவையும் லிஸ்பனையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு இந்தக் கதையைச் சொல்லி, அவரை எந்த நாட்டுக்காரர் என்று எழுதுவது எனக் கேளுங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலை இங்கே எழுதுங்கள், படிக்கக் காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்